பக்கத்தில் நின்றவர்கள்

கல்யாண வீட்டில் படம் எடுக்கப் போகிறவனுக்குக் கேமராவுக்கு முன்னால் உறவுமுறை தெரிய வேண்டும். தாய்மாமன் யார், அவருக்கு முந்தி அத்தை வீட்டார் மேடை ஏறினால் என்ன ஆகும், வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளி இன்றைக்கு வந்திருக்கிறாரா, வந்திருந்தால் யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. இதெல்லாம் பிடிபட எனக்குச் சில வருஷம் ஆயிற்று. ஃபோகஸ் பிடிக்கவும் ஃப்ளாஷ் கட்டவும் ஒரு மாசம் போதும்.

ஆழ்வார்திருநகரியில் நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஸ்டுடியோ என்றால் முன்னால் ஒரு ஷோகேஸ், நடுவில் படுதா தொங்கும் அறை, பின்னால் டார்க் ரூம். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் செய்த ‘இந்து’ ஃபிலிம் வரும், கிழக்கு ஜெர்மனி ‘ஆர்வோ’ வரும். டெவலப்பர் தொட்டியில் கைவைத்துக் கைவைத்து என் முதலாளியின் நகம் பழுப்பேறிக் கிடந்தது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி, எப்போது படம் எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். இழவு வீட்டில் யாராவது வந்து கூப்பிடும்வரை கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. பந்தியில் சாப்பிடுகிறவர் வாயருகே கை போகும்போது எடுக்கக் கூடாது. பிந்தைய விதியை இன்றைக்கு ஒருவரும் மதிப்பதில்லை. வீடியோ லைட்டை இலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சாப்பிடுகிற மனுஷன் அவியலை எடுக்கவா வேண்டாமா என்று முழிக்கிறார்.

அசைகிற ஒன்றைப் பிடிக்க எனக்குப் பழக்கம் வந்தது எங்கள் ஊர் வைகாசித் திருவிழாவில். நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் ஒரே ராத்திரியில் கருட வாகனத்தில் வந்து நிற்பார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். தீவட்டி வெளிச்சம், புகை, சீர்பாதம் தாங்கிகள் ஏற்றி இறக்கும் ஆட்டம். பல்லக்கு தூக்குகிறவர்கள் அடி எடுத்து வைக்கும்போது வாகனம் மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கும். அந்த நிற்கிற கணத்தில் அழுத்தினால் படம் தெளிவாக வரும். ஏறும்போதோ இறங்கும்போதோ அழுத்தினால் பெருமாள் முகம் இழுத்துவிடும். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, பார்த்துப் பார்த்து வந்தது.

கபடி மைதானத்தில் இது உதவியது. இந்தப் பக்கத்தில் தாமிரவருணிப் பாசன ஊர்களிலும் சரி, தேரிக்காட்டு ஊர்களிலும் சரி, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கபடிப் போட்டி நடக்கும். ராத்திரி ஆட்டம். கம்பு நட்டு டியூப் லைட் கட்டியிருப்பார்கள், கொஞ்சம் வசதியான ஊர் என்றால் நாலு மூலைக்கு ஃபோகஸ் லைட். என்னிடம் இருந்தது பென்டாக்ஸ் கே 1000. ஃப்ளாஷ் போட்டால் அறுபதில் ஒரு நொடிக்கு மேல் வேகம் கிடையாது. ஒரு தடவை ஃப்ளாஷ் அடித்தால் அது திரும்பச் சார்ஜ் ஏறி, சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். ரெய்டு போகிறவனுக்கு இருப்பதோ ஒரே மூச்சு. ஆக ஒரு ரெய்டுக்கு ஒரு படம்தான் என்று மனசுக்குள் கணக்கு. அந்த ஒன்றை எங்கே செலவழிப்பது?

புதிதாக வருகிற பையன்கள் பிடி விழுந்து ஏழு பேரும் மேலே குவிந்த பிறகு அழுத்துவார்கள். கழுவிப் பார்த்தால் முதுகும் முழங்காலும்தான் இருக்கும், ஆளைக் காணாது. ஆட்டம் தெரிந்தவன் அதற்கு முன்னால் அழுத்துவான். நல்ல ரெய்டர் உள்ளே போய், இடம் வலம் பார்த்து, காலை நீட்டுவதற்கு முன்னால் உடம்பின் மொத்தக் கனத்தையும் ஒரு காலில் வாங்குவான். அங்கே ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது. வாகனம் மேலே போய் நிற்கிற அதே நிறுத்தம்தான். அது மட்டும் பிடிபட்டுவிட்டால் அறுபதில் ஒரு நொடியே தாராளம். இன்னொன்று, ரெய்டர் முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. கண் கூசி அவன் பிடிபட்டால், ஊர்க்காரர்கள் அடுத்துப் பிடிப்பது நம்மை.

இதிலெல்லாம் வருமானம் இல்லை. ஜெயித்த டீம் கோப்பையோடு நிற்கும் ஒரு படத்துக்குத்தான் காசு. அந்தப் படம் ஊர்ப் படிப்பகத்திலோ மன்றத்திலோ ஆணி அடித்து மாட்டப்படும்.

விளையாட்டுக்காரர்கள் படத்துக்கு நிற்பதில் ஒரு தினுசு உண்டு. அவர்கள் அதிகம் நின்றது டீம் போட்டோவுக்குத்தான். அதனால் கல்யாண வீட்டிலும் அப்படியே நிற்பார்கள்: நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி, கேமராவை எதிர் டீமைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு. மைதானத்தில் அவ்வளவு நெளிவு காட்டிய உடம்பு, பட்டுச் சேலைகளுக்கு நடுவில் கம்பமாகிவிடும். பல வருஷம் பார்த்திருக்கிறேன். சிரிக்கச் சொன்னால் இன்னும் இறுகிப்போவார்கள்.

1994 அக்டோபரில் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. கபடி அதில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்ததே அதற்கு நாலு வருஷம் முந்தி, பெய்ஜிங்கில்தான். ஹிரோஷிமாவிலும் இந்தியாவுக்குத் தங்கம். அந்த அணியில் எங்கள் பக்கத்து மணத்தி ஊரைச் சேர்ந்த கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்கு வந்தது. மணத்தி கணேசன் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்தேதான் எல்லோரும் சொல்வார்கள், இப்போதும். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். டவுனில் கிளப்பும் பயிற்சியாளரும் வைத்துப் பழகிய ஆள் அல்ல. மண் தரையிலிருந்து போனவர்.

அந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்ட முடியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி இந்தப் பக்கத்துக்கு நல்ல காலம் இல்லை. ஊருக்கு ஊர் சாதிப் பகை, வெட்டு, குத்து. எங்காவது ஒன்று நடந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். கல்யாண ஆர்டர் வந்தால் முகூர்த்த நேரத்தைக் கேட்பதற்கு முன்னால் எந்த ஊர், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்போம். ராத்திரி ஆர்டர் என்றால் அங்கேயே படுத்து விடிந்து வருவது. கேமராப் பைதான் எங்களுக்குப் பாதுகாப்பு. எந்தத் தெருவுக்கும் போகலாம், ‘போட்டோக்காரர்’ என்றால் வழி விடுவார்கள். எல்லாத் தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் என்பது இந்தத் தொழிலில் எனக்குப் பெருமை.

ஹிரோஷிமாவுக்குப் பின் வந்த முகூர்த்த மாதங்களில் ஒன்றில், ஒரு கல்யாண வரவேற்பில்தான் கணேசனைக் கிட்டத்தில் பார்த்தேன். மூன்று ரோல் என்று பேசியிருந்த ஆர்டர். ஒரு ரோலுக்கு 36 படம், கொஞ்சம் சூதானமாக லோடு பண்ணினால் 37, 38 வரை இழுக்கலாம். தாலி கட்டு, மாலை மாற்று, இரு வீட்டு உறவு எல்லாம் போக, வரவேற்புக்கு என்று முக்கால் ரோல் மிச்சம் வைத்திருந்தேன்.

பெரிய ஆள் வருகிறார் என்பது கேமராக்காரனுக்கு முதுகில் தெரியும். மேடைக்கு முன்னால் இருக்கிற கூட்டம் திடீரென்று வாசலைப் பார்த்துத் திரும்பும். நாற்காலி இழுபடும். அப்படித்தான் அன்றைக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, மணத்தி கணேசன் வந்திருக்காவ. நல்லா எடுக்கணும், பாத்துக்கிடும்.”

“எடுத்துருவோம். அவுக முதல்ல மேடைக்கு வரட்டும்.”

“மேடைக்கு எங்க? பயலுவ விட மாட்டேங்கானுவ.”

உண்மைதான். வாசலிலேயே இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். கை கொடுக்கிறவன் ஒருத்தன், கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவன் ஒருத்தன். ரெய்டு போகிறவன் கையைத் தொட்டுப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும். அவர் மேடை ஏறி மாப்பிள்ளை பெண்ணோடு நின்றதும் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று போதும், இரண்டாவது, யாராவது கண் மூடியிருந்தால் என்ற காவலுக்கு.

அதன் பிறகுதான் சங்கடம். கீழே இறங்கியதும் ஆளாளுக்கு அவரோடு தனியாக ஒரு படம் வேண்டும் என்கிறார்கள். சித்தப்பா என் காதருகே குனிந்தார்: “எல்லாத்துக்கும் ஃபிலிமைச் செலவழிக்காதீரும் அண்ணாச்சி. வெறும் ஃப்ளாஷ் அடியும்.”

வெறும் ஃப்ளாஷ் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. ஃப்ளாஷின் முதுகில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் வரும், ஃபிலிம் நகராது. நிற்கிறவர் திருப்தியாக இறங்கிப் போய்விடுவார். கல்யாண வீட்டுக்காரரே கேட்டுக்கொள்வதும் உண்டு, காசு அவருடையதாச்சே. ஒப்புக்கு வந்து நிற்கிறவர்களுக்கு, ஆல்பம் பார்க்கவே போகாதவர்களுக்கு, அதை அடிப்பதில் பெரிய பாவம் இல்லை என்பது தொழில்காரர்களின் கட்சி. ஆனால் இது வேறு. இந்தப் பையன்கள் ஒவ்வொருத்தனும் வந்து கேட்பான். ஒரு மாசம் கழித்தும் கேட்பான், பத்து வருஷம் கழித்தும் கேட்பான்.

ஆகவே ஐந்தைந்து பேராக நிறுத்தினேன். நடுவில் கணேசன், இரண்டு பக்கமும் ஆட்கள், குட்டிகள் முன்னால் குத்த வைத்து. எட்டுப் படத்தில் கூட்டம் அடங்கிவிட்டது. அவர் ஒரே இடத்தில் நின்றார், ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். முகம் சுளிக்கவில்லை. சாப்பிட வந்த மனுஷனை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. கடைசியில் அவரை மட்டும் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், தலையசைத்தார். பச்சை அடிக்கிற டியூப் லைட் வெளிச்சத்தில், கையைப் பின்னால் கட்டி, டீம் போட்டோ நிற்பில் ஒரு படம். அதோடு விட்டேன். அவர் பந்திக்குப் போனார், நான் கேமராவை மூடிவிட்டேன். இதைத்தான் சந்திப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். பேசிய வார்த்தை இரண்டோ மூன்றோ. விழா வீட்டில் நாங்கள் பெரிய ஆட்களைச் சந்திப்பது இவ்வளவுதான். மற்றவர்கள் கூடப் பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தத் தனிப்படத்தைப் பெரிதாகப் போட்டு ஷோகேஸில் வைத்தேன். ஸ்டுடியோ ஷோகேஸ் என்பது ஊருக்கு ஒரு பத்திரிகை மாதிரி. யார் படம் இருக்கிறது, யார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, எல்லாவற்றையும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து நின்றார்கள். அதே வாரம், பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “நம்மாளுக யாரு படமும் கிடைக்கலையாக்கும்?” என்றார். ஜப்பானில் தங்கம் வாங்கியவர் உங்கள் ஆளும்தான் என்று நான் அவரிடம் வாதாடவில்லை. படத்தை எடுக்கவும் இல்லை. வெயில் பட்டுச் சிவப்பு வெளிறிப்போகும்வரை அது அங்கேயே இருந்தது. பெரியவர் அடுத்த தடவையும் என்னிடம்தான் படம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தொழில் ஓடிய வேகத்தை நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை கொஞ்ச நாள் சோறு போட்டது. கேசட் வீடியோ வந்தது, மிக்சிங்கில் மாப்பிள்ளை தலை ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வந்தது. டிஜிட்டல் வந்தது, கரிஷ்மா ஆல்பம் வந்தது. 2012 ஜனவரியில் கோடக் கம்பெனி திவால் மனு கொடுத்தது என்று பேப்பரில் படித்தபோது, எங்கள் கடையில் ஃபிலிம் விற்று ரொம்ப நாளாகியிருந்தது. 2014இல் புரோ கபடி வந்து, மேட் விரித்து, ஏசி அரங்கில், பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கிறது. அங்கே படம் எடுக்கிறவர்கள் நொடிக்குப் பத்துக்கு மேல் எடுக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நிறுத்தத்துக்காகக் காத்திருக்கிற வேலை அவர்களுக்கு இல்லை. பத்தில் ஒன்றில் அது தானாக விழுந்துவிடும்.

விழா வீட்டில் மாறியது அதைவிடப் பெரிது. இன்றைக்கு ஒரு கபடி வீரர் மண்டபத்துக்குள் வந்தால், என் கேமராவுக்குக் கிடைப்பது தூக்கிய கைகளும் செல்போன்களின் முதுகும்தான். ஆளுக்கொரு செல்ஃபி. ஐந்து பேராக நிறுத்த வேண்டியதில்லை, வெறும் ஃப்ளாஷ் அடிக்க வேண்டியதில்லை, யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஒன்று மட்டும் போய்விட்டது: செல்ஃபியில் எடுக்கிறவனும் வீரரும் இருப்பார்கள். கூட நின்ற மற்ற நாலு பேர் இருக்க மாட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2023 டிசம்பரில் தெரிந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறும் குளங்களும் உடைந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் எல்லாம் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. என் கடையில் மேல்தட்டுக்கும் மேலே தண்ணீர். உறை போட்டு, பெயர் எழுதி, வருஷவாரியாக அடுக்கியிருந்த நெகட்டிவ்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றுப் பாளமாகிவிட்டன.

தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் பாத்திரம் கழுவினார்கள், பாயைக் காயப்போட்டார்கள், மூன்றாவதாக ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். வெயிலில் காயவைத்து ஒட்டவைத்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் போட்டு, ஊறவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, நிழலில் உலர்த்தினால் பாதியாவது மிஞ்சும். கலர் படங்களும் கரிஷ்மா ஆல்பங்களும்தான் ரொம்ப அடிவாங்கின. ஓரத்தில் புகுந்த தண்ணீர் லேமினேஷனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தாத்தா பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேற்றோடு கொண்டு வந்தார்கள், அலசி எடுத்ததும் முகம் தெரிந்தது. தொட்டித் தண்ணீரில் மணிக்கணக்காகக் கழுவி எடுத்த காகிதம், அதற்குத் தண்ணீர் புதிதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2025 தீபாவளிக்கு ‘பைசன்’ வந்தது. கணேசன் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. இயக்கிய மாரி செல்வராஜும் இந்த ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பிள்ளைதான். படம் ஓடின வாரத்திலேயே கடைக்கு ஆள் வர ஆரம்பித்தது: பழைய படம் இருக்கா அண்ணாச்சி, அந்தக் காலத்து கணேசன் படம்? யூடியூப் பையன்கள், பத்திரிகைக்காரர்கள், பக்கத்து ஊர்க் கபடி டீம். சேற்றுப் பாளத்தின் கதையைச் சொல்லி அனுப்பினேன். அவர்களுக்கு வேண்டியது கணேசன் படம், அது வேறு இடங்களிலும் கிடைக்கும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. அவர்கள் ஆல்பமும் வெள்ளத்தில் போய்விட்டது. ஆனால் அந்த ஐந்தைந்து பேர் படங்களில் ஒன்றின் பிரதி, பம்பாயில் தாராவியில் இருந்த அவர்கள் மகனுக்கு அப்போதே தபாலில் போயிருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் முப்பது வருஷம் இருந்து, இப்போது செய்தித்தாளில் சுற்றித் திரும்பி வந்திருந்தது. நடுவில் கணேசன். வலது ஓரத்தில் மாப்பிள்ளையின் தாத்தா. அந்தக் காலத்துச் சடுகுடுக்காரர், ஊர்ப் போட்டிகளுக்கு நடுவராக நின்றவர். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக் கணேசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரம் என்பதால் வெளிச்சம் குறைவு. திருப்பிய வேகத்தில் முகம் லேசாக இழுபட்டிருக்கிறது.

“இதைத் தெளிவாக்கிப் பெரிசாப் போட்டுத் தாங்க. தாத்தாவுக்கு வேற படமே இல்லை” என்றார்கள்.

மகன் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஸ்கேன் பண்ணி, ஏஐ மென்பொருளில் போட்டு, டீ ஆறுவதற்குள் கூப்பிட்டான். பச்சை நிறம் போய்விட்டது, கீறல் போய்விட்டது, கணேசனின் சட்டை மடிப்பு தெரிகிறது. ஓரத்தில் இருந்த பெரியவருக்குப் புதிதாக இரண்டு கண், வரிசையான பல், யாரோ ஒரு பெரியவர்.

“நல்லாத்தானப்பா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. இவரு யாருலே?”

அதற்கப்புறம் அந்த ஓரத்தை மட்டும் அவன் பழையபடியே விட்டு, நிறத்தை மட்டும் சரிசெய்து இன்னொன்று செய்தான். இரண்டையும் பிரிண்ட் போட்டு வீட்டுக்காரர்கள் முன்னால் வைத்தோம். பேரன் பேத்திகள் தெளிவாக இருந்ததைத்தான் எடுத்தார்கள். தாத்தாவின் மகள், எழுபது தாண்டியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இழுபட்டிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டோம்.